நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பதிவேடு

பிப்ரவரி 3, திங்கள்

வாரம் பிறந்ததும் பிறக்காததுமாக மேசையில் சமூக மருத்துவத் துறை டாக்டர் பிரகாசியின் கோப்பு. உப்பளத் தொழிலாளர்களுக்கு வெயிலால் சிறுநீரகம் கெடுவதைப் பற்றி ஐந்து வருட ஆய்வு. டென்மார்க்கில் ஒரு பல்கலைக்கழகமும் நம் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்வதாம். பணம் ஐரோப்பாவில் ஒரு நிதியம் தரும். விண்ணப்பம் போய்ச் சேரக் கடைசி நாள் மார்ச் 14. அதோடு நம் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் கடிதம் இருந்தாக வேண்டும். அந்தக் கடிதத்தில் பதிவாளர் கையெழுத்துப் போடுவார். பதிவாளர் போட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஆராய்ச்சி இயக்குநர் போட வேண்டும். ஆராய்ச்சி இயக்குநர் நான்.

இந்த விஷயம் அவளுக்குக் கடைசியாகத்தான் ஞாபகம் வந்திருக்கிறது. டென்மார்க்காரர்களோடு எட்டு மாதம் பேசியிருக்கிறாள். இருபத்தாறு பக்கம் எழுதியிருக்கிறாள். எல்லாம் முடித்துவிட்டு, "ஒரு கையெழுத்துதான், சார்கிட்ட வாங்கிடுங்க" என்று கண்காணிப்பாளர் இசக்கியப்பனிடம் கொடுத்தனுப்புகிறாள். சமூக மருத்துவத் துறையை இருபத்திரண்டு வருடம் கட்டி மேய்த்தவன் நான். அந்த உப்பளத்தில் முதன்முதலாக ரத்தம் எடுத்தவனும் நான். அவள் அப்போது மாணவி. நரம்பு தேடத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

கோப்பின் ஓரத்தில் "பேசுக" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினேன்.

அலுவலகத்தில் உட்காராதவர்களுக்கு இதன் அருமை தெரியாது. "முடியாது" என்று எழுதினால் காரணம் சொல்ல வேண்டும். துணைவேந்தர் வரைக்கும் போவார்கள். "பேசுக" என்றால் சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து விளக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் வரும்போது நான் இடத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் நாளைக்கு வருகிறானாம்.

பிப்ரவரி 5, புதன்

பிரகாசி பேச வந்தாள். கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். கூட்டம் என்பது நான், இசக்கியப்பன், ஒரு தட்டு உளுந்த வடை.

மோட்டார்க்காரன் வரவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று தப்ப முடியவில்லை. படிக்கட்டிலேயே மடக்கிவிட்டாள். அறைக்கு வந்தும் உட்காரவில்லை. கடற்கரைக்காரப் பெண். நின்றுகொண்டே பேசினால் எதிராளி சீக்கிரம் இறங்கி வருவான் என்று நினைப்பு.

"சார், ரெண்டு விஷயம். ஒண்ணு உங்க கையெழுத்து. இன்னொண்ணு பழைய பதிவேடு."

"எந்தப் பதிவேடு?"

"2012ல பனைவிளைப்பட்டில நானூத்திப் பன்னெண்டு பேருக்கு ரத்தம் எடுத்தீங்கல்ல. அவங்க பேரு எழுதின நோட்டு."

அந்த முறையை வகுத்ததே நான்தான் என்பதை அவளுக்கு நினைவூட்டினேன். வெளிநாட்டுக்குப் போகும் ரத்தக் குப்பிகளில் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது இங்கே ஒரே ஒரு பதிவேட்டில் இருக்கும். பரிசோதனை முடிவுகளும் எண் போட்டே திரும்பி வரும். பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் யாருடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியும். ஊர்க்காரர்களின் மானம் மரியாதை காப்பாற்றப்பட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

"அதேதான் சார் நானும் சொல்றேன். அதே ஆளுங்களத் திரும்பப் பாத்தாதான் பதிமூணு வருஷத்துல கிட்னி எவ்வளவு கெட்டிருக்குன்னு சொல்ல முடியும். இந்த விண்ணப்பமே அத நம்பித்தான் இருக்கு. நோட்டு இல்லன்னா அங்க இருக்கறது வெறும் நம்பர்."

"தேடிப் பாக்கணும்மா. பழைய சாமான்."

"நான் வேணா வந்து தேடட்டுமா சார்?"

"என் ரூம்ல நீ எதுக்குத் தேடணும்?"

அவள் போன பிறகும் ஆறவில்லை. ஹென்ரிக்கை நினைத்துக்கொண்டேன். அந்த டென்மார்க் பேராசிரியர் என்னோடு ஒரே இலையில் பொங்கல் சாப்பிட்டவர். "நாம் சமபங்காளிகள்" என்று தோளில் கை போட்டவர். 2013இல் கட்டுரை எழுத ஆரம்பித்தபோது ஆசிரியர் பட்டியலில் என்னைக் காணோம். கேட்டேன். "தொடர் ஆய்வில் பார்க்கலாம், முதலில் பதிவேட்டின் நகலை அனுப்புங்கள்" என்றார். என் பெயர் வரட்டும், பதிவேடு வரும் என்று எழுதினேன். வரவில்லை. கட்டுரை வந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் பத்தியில், வண்டி ஓட்டிய மாரிசெல்வத்துக்கு அடுத்தபடியாக என் பெயர்.

மாரிசெல்வம் நல்ல டிரைவர்தான். அதை நான் மறுக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

அறையைச் சுத்தம் செய்தேன். பழைய புத்தகங்கள் சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிவப்புத் துணி சுற்றிய கட்டு ஒன்றும் இருந்தது. எல்லாவற்றையும் கார் டிக்கியில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கோப்பு மறுபடி வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டேன். "சமபங்கு" என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, ஏழாம் பக்கத்தில் தலைமை டென்மார்க் என்பது எப்படி? ரத்தம் நம்முடையது, வெயில் நம்முடையது, முடிவு எடுப்பது மட்டும் அவர்களா? நிதியில் அறுபது விழுக்காடு அங்கேயே நின்றுவிடுவது ஏன்? இவை எல்லாம் நியாயமான கேள்விகள். எவனும் பதில் சொல்ல மாட்டான்.

இசக்கியப்பன் கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இதுக்கு மேல கேள்வி எழுத ஓரத்துல எடமில்ல. தனித்தாள் வச்சுத் தைக்கவா?"

"தையுங்க."

"கடைசித் தேதி பதினாலுன்னு சொல்லுதாவ."

"யாரு சொல்லுதா?"

"அதுலதான் போட்ருக்கு ஐயா."

இந்த மனிதருக்கு வர வர வாய் கூடிவிட்டது.

பிப்ரவரி 22, சனி

உலகம்மாள் காய்கறிப் பையை வைக்க டிக்கியைத் திறந்திருக்கிறாள். சிவப்புக் கட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இது என்ன, ஆபீஸ் நோட்டுல்லா. வீட்டுக்கு எதுக்குக் கொண்டாந்திய?"

"ஆபீஸ்ல கரையான்."

"நம்ம வீட்லயும்தான் கரையான் இருக்கு."

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடம். ஒரு நாளாவது சொன்னதைச் சொன்னபடி கேட்டுக்கொண்டதில்லை. கட்டை வாங்கி என் துணி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பிப்ரவரி 27, வியாழன்

பிரகாசி ஊர்வலம் கூட்டி வந்துவிட்டாள். ஐந்து பெண்கள். உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள். காலெல்லாம் உப்பு பூத்து வெடித்திருந்தது. தலைவி மாதிரி ஒருத்தி, சந்தனமாரி, ஐம்பது வயது இருக்கும். ஆய்வு தொடங்குவதற்கு முன் ஊர்ச் சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். சங்கம் தர மறுக்கிறது. ஏன் என்று என்னிடமே சொல்லட்டும் என்று அழைத்து வந்திருக்கிறாள்.

சந்தனமாரி என்னை உற்றுப் பார்த்தாள்.

"அன்னைக்கு ரத்தம் எடுத்தவிய நீங்கதான? அப்ப முடி கருப்பா இருந்துச்சு."

ஆமாம் என்றேன்.

"பெரிய நோட்டுல எல்லார்ட்டயும் கைநாட்டு வாங்கினிய. ரிசல்ட் வந்ததும் வீடு வீடாக் கொண்டாந்து சொல்லுவேன்னிய. பன்னெண்டு வருசமா வரல. எங்க வீட்டு ஆளுகிட்டயும் எடுத்தீய. உச்சிமாகாளின்னு பேரு. கிட்னி ரெண்டும் போயி, பதினேழுல செத்துட்டாவ. இப்ப திரும்ப ரத்தம் கேட்டா எப்படிக் குடுப்போம்?"

அறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"அவங்க அனுப்பலம்மா" என்றேன். "வெளிநாட்டுக்காரங்க. ரத்தத்தக் கொண்டு போனாங்க, பேப்பர் எழுதிக்கிட்டாங்க, நம்மள மறந்துட்டாங்க. என்னையும்தான்."

பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி டென்மார்க்கைத் திட்டிய திட்டு இந்த நோட்டில் எழுதத் தக்கதல்ல. எனக்குக் கொஞ்சம் உச்சி குளிர்ந்தது என்பது உண்மை. பிரகாசி மட்டும் தலையாட்டவில்லை.

நான் சொன்னதில் பொய் என்று எதுவும் இல்லை. அவர்கள் அனுப்ப வேண்டியதை அனுப்பவில்லை. மரியாதையை அனுப்பவில்லை.

மார்ச் 3, திங்கள்

கணினியில் கூட்டம். அங்கே இப்போது ஹென்ரிக் ஓய்வு பெற்றுவிட்டார். லிஸ்பெத் என்ற பெண்மணி பேராசிரியர். சிரித்துச் சிரித்துப் பேசினார். முடிவுகள் அனைத்தும் 2013 ஏப்ரலிலேயே அச்சிட்டு, கூரியரில் எனக்கு அனுப்பப்பட்டன என்று அவர்களுடைய கோப்பில் இருக்கிறதாம். "ஒருவேளை வழியில் தொலைந்திருக்கலாம்" என்றார். நல்ல மனுஷி, தப்பிக்க இடம் விட்டார். நானும் "இருக்கலாம்" என்றேன்.

கூட்டம் முடிந்து கால் மணி நேரத்தில் பிரகாசி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கையில் ஒரு தாள்.

"லிஸ்பெத் ரசீதும் அனுப்பியிருக்காங்க சார். வாங்கிக்கிட்டவர் கையெழுத்து உங்களோடது."

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி தினம் எத்தனையோ கூரியர் வாங்கியிருப்பேன்."

"முடிவு உங்ககிட்ட இருக்கு. பதிவேடும் உங்ககிட்ட இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்க உங்கள ஒருத்தரால மட்டும்தான் முடிஞ்சிருக்கும்."

"நான் அதத் திறந்ததே இல்ல."

"அப்போ இருக்கு."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். படித்த காலத்திலேயே இவளுக்கு வாய்மொழித் தேர்வில் குறைத்துப் போட்டிருக்க வேண்டும்.

ஆனால் நான் சொன்னது உண்மை. கட்டுரைச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். அந்தக் கூரியர் உறையை வாங்கி, பதிவேட்டோடு சேர்த்துச் சுற்றி வைத்துவிட்டேன். திறக்கவில்லை. அவர்களுக்காக நான் ஏன் வேலை செய்ய வேண்டும்?

மார்ச் 5, புதன்

நானே கூப்பிட்டு அனுப்பினேன். சுற்றி வளைக்கவில்லை. பதிவேடு என் பொறுப்பில் இருக்கிறது, ஆகவே இந்த ஆய்வில் எனக்கு இடம் இல்லாமல் இருக்க முடியாது, இணைத் தலைவர் என்று பெயர் வர வேண்டும், வந்தால் கையெழுத்து என்று சொன்னேன்.

கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். சுவர்க் காலண்டரில் பதினாலாம் தேதியைப் பார்த்தாள்.

"சரி சார். பதிவேடு எப்போ தருவீங்க?"

"பணம் அனுமதியாகட்டும்."

"அதுக்கு ஜூலை ஆயிடும். இப்பவே குடுத்தா, மோசமா இருந்தவங்களுக்காவது போய்ச் சொல்லிரலாம்."

"முதல்ல பேரு."

கோப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 12, புதன்

திருத்திய விண்ணப்பம் வந்தது. நான்காம் பக்கத்தில் என் பெயர், முழுப் பட்டங்களுடன். "பங்கேற்பாளர்களின் பெயர்ப் பதிவேடும் 2013ஆம் ஆண்டு முடிவுகளும் தொடக்கத்திலிருந்தே டாக்டர் கோமதிநாயகத்தின் நேரடிப் பொறுப்பில் உள்ளன" என்று ஒரு வரி. நன்றாக இருந்தது. இரண்டு முறை படித்தேன். கையெழுத்திட்டேன்.

இசக்கியப்பன் மைஒற்றும் தாளை நீட்டினார். "ஐயா, இந்த வரிய அந்த அம்மா தானாவே எழுதினாவளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஓ" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

விண்ணப்பம் மதியம் போய்விட்டது. வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன். உலகம்மாள் சர்க்கரை அளவை ஞாபகப்படுத்தினாள். மோட்டார் மறுபடி நின்றுவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

வெயில் நெருப்பாகக் கொட்டுகிறது. பனைவிளைப்பட்டியில் ஒருவர் உப்புப் பாத்தியிலேயே மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று டயாலிசிஸ் போட்டிருக்கிறார்களாம். பிரகாசி வந்து சொன்னாள். அவர் பழைய நானூற்றுப் பன்னிரண்டில் ஒருவராக இருக்கலாமாம்.

"பதிவேட்ட இன்னைக்குக் குடுங்க சார். உங்க பேரு போட்டாச்சு. எங்கயும் எடுக்க மாட்டேன். எழுதித் தரேன்."

நடைமுறை இருக்கிறது. நிதி அனுமதியாகாமல், நெறிமுறைக் குழுவில் வைக்காமல், பங்கேற்பாளர் விவரத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்கிக்கொள்ள முடியாது. அதை விளக்கினேன். கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நீங்க டாக்டர்தான சார்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாற்பது வருடம் படித்துச் சேர்த்த மரியாதைக்கு இதுதான் பலன்.

மே 9, வெள்ளி

வராந்தாவில் பிரகாசி எதிரே வந்தாள். வணக்கம் சொல்லவில்லை.

மே 30, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 7, திங்கள்

நிதியத்திடமிருந்து கடிதம். மதிப்பீட்டாளர்கள் விண்ணப்பத்தை மிகவும் பாராட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு கேள்விதான். இணைத் தலைவரின் பொறுப்பில் பதிவேடும் முடிவுகளும் பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்திருக்கின்றன. முடிவுகள் பங்கேற்பாளர்களுக்குச் சொல்லப்பட்டனவா? இல்லையென்றால் ஏன்? இதற்குப் பதிலை இணைத் தலைவரே தம் கைப்பட நூற்றைம்பது சொற்களுக்குள் எழுதி, ஜூலை 17க்குள் அனுப்ப வேண்டும். பதில் வரும் வரை நிதி முடிவாகாது.

அந்த வரி. நேரடிப் பொறுப்பு, தொடக்கத்திலிருந்தே. அவள் தெரிந்தேதான் எழுதியிருக்கிறாள். நான் அதை இரண்டு முறை படித்து மகிழ்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

எழுதிப் பார்த்தேன்.

"டாக்டர் கோமதிநாயகம் இத்துறையின் முன்னோடி. அவரது தலைமையில் 2012இல்..." கேள்வி அது இல்லை. அடித்தேன்.

"தவிர்க்க முடியாத நிர்வாகக் காரணங்களால்..." என்ன காரணம் என்று கேட்பார்கள். அடித்தேன்.

"டென்மார்க் தரப்பின் ஒத்துழையாமையால்..." அவர்களிடம் ரசீது இருக்கிறது.

மூன்று தாள் வீணாயிற்று. பல்கலைக்கழகம் முழுக்க யாருக்கும் கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

ஜூலை 11, வெள்ளி

பிரகாசியைக் கூப்பிட்டு, அவளே ஏதாவது நாசூக்காக எழுதித் தரும்படி சொன்னேன். கெஞ்சவில்லை. சொன்னேன்.

"நான் எழுத முடியாது சார். உங்க கைப்பட வேணும்னு கேட்டிருக்காங்க."

"வேணும்னேதான அந்த வரிய எழுதின?"

"ஆமா. உண்மை அதுதான. நீங்களும் அதுக்குக் கீழதான கையெழுத்துப் போட்டீங்க."

"நான் எழுதலன்னா?"

"ப்ராஜெக்ட் போயிரும். அஞ்சு வருஷ வைத்தியம், நாலு பேருக்கு வேலை, எல்லாம் போயிரும். உண்மைய எழுதினா உங்க பேரு போயிரும். அவ்வளவுதான் சார் வித்தியாசம்."

இப்படி ஒருத்தி என் முகத்தைப் பார்த்துப் பேசுவாள் என்று நான் நினைத்ததில்லை. வெளியே போ என்றேன். போனாள்.

ஜூலை 13, ஞாயிறு

உலகம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். பீரோவைத் திறந்து கட்டை எடுத்தேன். எப்படியும் பதில் எழுத விவரம் வேண்டும். திறக்கவே திறக்காத ஒன்றைத் திறப்பதுபோல்தான் முடிச்சை அவிழ்த்தேன். முடிச்சு பழைய முடிச்சுத்தான். உள்ளே முடிவுத் தாள்கள் இருந்த உறை ஒட்டியிருக்கவில்லை. கிழித்துத் திறந்திருந்தது.

பதிவேட்டைப் புரட்டினேன். பெயர், வயது, கைநாட்டு. சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலில் வட்டம் போட்டு ஓர் எண் எழுதியிருந்தது. 2.1. 1.9. 2.6. கிரியேட்டினின் அளவு. 1.0-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அளவு. கூடக் கூடச் சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 1 என்ற எண்ணை நான் எழுதும்போது கீழே ஒரு சின்னக் கோடு இழுப்பேன். இங்கே எல்லா 1-க்கும் கீழே அந்தக் கோடு இருக்கிறது.

என் பென்சில்தான்.

திறந்திருக்கிறேன். 2013 ஏப்ரலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, மோசமான முப்பத்தெட்டுப் பேரை வட்டம் போட்டு எடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு, "தொடர் ஆய்வில் பார்க்கலாம்" என்ற ஹென்ரிக்கின் கடிதம் வந்தது. கட்டிவைத்தேன். திறந்ததே இல்லை என்று பிரகாசியிடம் சொன்னபோது நான் பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். பக்கம் புரட்டிப் பார்த்தேன், இருக்கிறது.

187. உச்சிமாகாளி, வயது 41. வட்டம். 2.1.

உலகம்மாள் வந்தபோது கட்டிலில் தாள்கள் பரந்து கிடந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"முப்பத்தெட்டுப் பேருக்கா சொல்லல?"

"ஆமா."

"ஒங்க பேரு வரலங்கதுக்காகவா?"

"ஆமா."

அவள் எதிர்த்து ஏதாவது சொல்லியிருக்கலாம். சமையலறைக்குப் போய்விட்டாள். மத்தியானம் சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 14, திங்கள்

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பனைவிளைப்பட்டிக்குப் போனேன். பதினோரு மணிக்கு உப்பளத்தில் வேலை முடியும். சந்தனமாரி ஓலைக் கொட்டகையில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். எப்போதும் மற்றவர்களைத்தான் நிற்க வைத்திருக்கிறேன்.

பதிவேட்டைத் திறந்து கைநாட்டைக் காட்டினேன். அவள் அதில் விரலை வைத்தாள்.

"இது அவுக கைதான்."

"அப்பவே கிட்னி பாதிக்கு மேல கெட்டிருந்திருக்கு."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"2013 ஏப்ரல்."

அவள் விரலை எடுக்கவில்லை. வாய்க்குள் கணக்குப் போட்டாள். "நாலு வருசம்" என்றாள். பிறகு, "அப்பவே சொல்லிருந்தா என்ன செஞ்சிருப்பிய?" என்று கேட்டாள்.

ஒரு டாக்டராக இதற்குப் பதில் எனக்குத் தெரியும். பாடமாகவே நடத்தியிருக்கிறேன். உச்சி வெயிலில் வேலை வேண்டாம், தண்ணீர் இவ்வளவு குடி, ரத்த அழுத்த மாத்திரை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையை இன்றோடு நிறுத்து. அது கெட்ட சிறுநீரகத்தை இன்னும் வேகமாகக் கெடுக்கும். வரிசையாகச் சொன்னேன்.

சந்தனமாரியின் முகம் மாறியது அந்தக் கடைசி வார்த்தையில்தான்.

"வலி மாத்திரையா?"

"ஆமா."

"தெனம் ரெண்டு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பெட்டிக்கடைல நாந்தான வாங்கி வாங்கிக் குடுத்தேன். வேண்டாம்னாலும் விடமாட்டேன். உப்புச் சொமக்கிற ஒடம்பு, போட்டாத்தான் முடியும்னு."

"அது உங்க தப்பு இல்ல."

"நான் ஒங்ககிட்ட அதக் கேக்கல."

அவள் அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். காறித் துப்பியிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த முப்பத்தெட்டுப் பேரையும் வாசிங்க."

வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் இருக்காவ, இல்ல என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதினேழு பேர் இருக்கிறார்கள். இருபத்தொரு பேர் இல்லை. ஏப்ரலில் பாத்தியில் விழுந்தவர் எண் 302. அவர் மே மாதம் இறந்துவிட்டாராம். எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்?

"அந்த டாக்டர் பிள்ளைக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்க" என்றாள். "மருந்து மாத்திர எழுதுறத அந்தப் பிள்ள எழுதட்டும். விசயத்த நீங்க சொல்லணும். ஒவ்வொரு வீடா. ஒங்க வாயால."

"இன்னைக்கேவா?"

"ஏன், தேதி பாக்கணுமா?"

பிரகாசி ஒரு மணிக்கு வந்தாள். பதிவேட்டைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. இன்று மூன்று வீடு.

ஜூலை 17, வியாழன்

பதில் எழுதி முடித்தேன்.

"முடிவுகள் 2013 ஏப்ரலில் எனக்குக் கிடைத்தன. பதிவேடும் என்னிடம் இருந்தது. முப்பத்தெட்டுப் பேருக்கு உடனே சிகிச்சை தேவை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. கட்டுரையில் என் பெயர் சேர்க்கப்படாத கோபத்தில் யாருக்கும் சொல்லவில்லை. அவர்களில் இருபத்தொரு பேர் இறந்துவிட்டார்கள். இந்த மாதம் 14ஆம் தேதி முதல் வீடு வீடாகச் சென்று சொல்லிவருகிறேன். பதிவேடு இப்போது டாக்டர் பிரகாசியிடம் இருக்கிறது."

பிரகாசி நின்றபடியே படித்தாள்.

"என் பேர விண்ணப்பத்துலேருந்து எடுத்திரும்மா" என்றேன்.

"திங்கக்கிழமையே எடுத்துட்டேன் சார்."

அதற்கும் என் கையெழுத்து வேண்டுமாம். போட்டேன்.

மாலை பனைவிளைப்பட்டி. உயிரோடு இருக்கும் பதினேழு பேர் வீடும் முடிந்துவிட்டது. கடைசி வீட்டில் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை என்று நினைக்கிறேன். காரில் ஏறப் போனபோது சந்தனமாரி கதவைப் பிடித்துக்கொண்டாள். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டாள். முடிந்துவிட்டதே என்றேன். "செத்தவுக வீட்டுக்கு யாரு போவா?" என்றாள்.

அவள் வீடு போக இன்னும் இருபது வீடு. நாளை காலை ஆறு மணிக்கு, அவர்கள் உப்பளத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் வரச் சொல்லியிருக்கிறாள்.